வலி போனது, கல் போனதா?

நள்ளிரவு. ராஜபாளையத்தில் ஒரு வீடு. மில்லில் இரண்டாவது ஷிப்டு முடித்து வந்து படுத்தவர் திடுக்கிட்டு எழுந்து உட்காருகிறார். விலாவுக்குக் கீழே தாங்க முடியாத வலி. முதுகில் தொடங்குகிறது. அடிவயிற்றுக்கு இறங்குகிறது. தொடை வரைக்கும் பாய்கிறது. உட்கார்ந்தாலும் வலி, படுத்தாலும் வலி, புரண்டாலும் வலி. வாந்தி வேறு.

வீட்டில் எல்லோரும் பதறுகிறார்கள். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார்கள். டாக்டர் ஊசி போடுகிறார். விடியும்போது வலி அடங்குகிறது.

"கல்லடைப்பு மாதிரித் தெரிகிறது. படம் எடுத்துப் பார்த்துவிட வேண்டும்" என்று டாக்டர் சொல்கிறார். இவர் தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்கு வருகிறார். இரண்டு நாள் வாழைத்தண்டுச் சாறு குடிக்கிறார். வலி திரும்பவில்லை. "வலிதான் போய்விட்டதே! இனி எதற்குப் படம்? எதற்கு வீண் செலவு?" என்று மில்லுக்குக் கிளம்பிவிடுகிறார்.

அவர் செய்தது சரியா? வலி போனது உண்மை. ஆனால் கல் போனதா? இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டதால் ஒரு சிறுநீரகத்தையே இழந்தவர்கள் உண்டு. ஆகவேதான் இன்று அதைப் பற்றி எழுதுகிறோம்.

கண்மாயும் வாய்க்காலும்

நம் முதுகுப்புறத்தில், கடைசி விலா எலும்புகளை ஒட்டி, முதுகெலும்பின் இரண்டு பக்கமும் இரண்டு சிறுநீரகங்கள் இருக்கின்றன. ஊர்ப் பேச்சில் குண்டிக்காய் என்கிறோமே, அதுதான். அவரை விதையின் வடிவம். ஒவ்வொன்றும் சுமார் 11 சென்டிமீட்டர் நீளம்; 150 கிராம் அளவு எடை.

உருவம் சிறியது, வேலை பெரியது. இரண்டும் சேர்ந்து ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வடிகட்டுகின்றன. அதில் வேண்டியதையெல்லாம் ரத்தத்துக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு, கழிவை மட்டும் ஒன்றரை லிட்டர் அளவுக்குச் சிறுநீராக வெளியே அனுப்புகின்றன.

அந்தச் சிறுநீர் வருவதற்கு ஒரு குழாய் இருக்கிறது. ஒரு சாணுக்குச் சற்று அதிகமான நீளம். பேனாவுக்குள் இருக்கும் ரீஃபில் பருமன்தான் அதன் உள்வழி. அது கீழே சிறுநீர்ப்பையில் போய்ச் சேருகிறது.

மேற்கு மலையிலிருந்து இறங்கும் தண்ணீர் கண்மாயில் நிறைந்து, மடை வழியாக வாய்க்காலுக்கு வருவதை நம் ஊர் விவசாயிகள் நன்கு அறிவார்கள். வாய்க்காலின் நடுவே ஒரு பாறாங்கல் விழுந்துவிட்டால் என்ன ஆகும்? தண்ணீர் பின்வாங்கி மேல் வயலில் தேங்கும். நின்ற தண்ணீரில் பயிர் அழுகும். சிறுநீரகக் கல்லும் இதைத்தான் செய்கிறது.

நம் ஊரில் ஏன்?

ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் மலையடிவாரத்து ஊர்கள்தாம். ஆனாலும் அந்த மலையே தென்மேற்குப் பருவ மழையைத் தடுத்து நிறுத்திவிடுகிறது. நமக்குக் கிடைப்பது வறண்ட காற்றும் நீண்ட கோடையும்தான்.

நூற்பு மில்லுக்குள் நூல் அறுந்துபோகாமல் இருக்கக் காற்றை ஈரமாகவே வைத்திருப்பார்கள். எந்திரத்தின் சூடும் ஈரக் காற்றும் சேர்ந்தால் உடம்பிலிருந்து வியர்வை ஆறாக ஓடும். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுகிறவர் அடுப்பின் முன்னால் மணிக்கணக்கில் நிற்கிறார். வயலிலும் தோப்பிலும் வேலை செய்கிறவர்களுக்கோ சூரியனே அடுப்பு.

வியர்வையாக நீர் போய்விட்டால் சிறுநீருக்கு மிஞ்சுவது கொஞ்சம். அது மஞ்சளாக, கெட்டியாக இறங்குகிறது. உப்பங்கழியில் வெயில் ஏற ஏற உப்பு உறைகிறது அல்லவா? அப்படியே கெட்டியான சிறுநீரில் உப்புகள் உறைந்து கல்லாகின்றன. கோடையில் நீர்ச்சுருக்கு வந்து எரிகிறதே, அது தண்ணீர் போதவில்லை என்று உடம்பு கொடுக்கும் முதல் நோட்டீசாக இருக்கலாம். எரிச்சல் தொடர்ந்தால் டாக்டரிடம் காட்டிவிட வேண்டும். கிருமியாலும் அப்படி எரியும்.

வலி ஏன் அடங்குகிறது?

இதுதான் முக்கியமான விஷயம். நிதானமாகப் படியுங்கள்.

கல் குழாயில் சிக்கியதும் சிறுநீர் பின்னால் தேங்குகிறது. சிறுநீரகம் உப்புகிறது. அந்த உப்பல்தான் உயிர் போகும் வலி.

வலி அடங்க மூன்று காரணங்கள் உண்டு. கல் வெளியே போயிருக்கலாம். அப்படியானால் நல்லது. கல் சற்று நகர்ந்து, ஓரமாகச் சிறுநீர் கசிய இடம் கிடைத்திருக்கலாம். அப்போது கல் உள்ளேதான் இருக்கிறது. மூன்றாவதுதான் ஆபத்தானது. அடைபட்ட சிறுநீரகம், "போக வழியில்லை, எதற்கு வேலை?" என்று வடிகட்டுவதையே குறைத்துக்கொள்ளும். உள்ளே அழுத்தம் குறைகிறது. வலியும் குறைகிறது. ஆனால் சிறுநீரகம் மெல்ல மெல்லக் கெடுகிறது.

இந்த மூன்றில் எது நடந்தது என்று வலியைக் கேட்டால் சொல்லாது. வாழைத்தண்டைக் கேட்டாலும் சொல்லாது.

இன்னொரு ஏமாற்றும் உண்டு. ஒரு சிறுநீரகம் படுத்துவிட்டால் மற்றொன்று அதன் வேலையையும் சேர்த்துச் செய்யும். சிறுநீர் வழக்கம்போல் போகும். ரத்தப் பரிசோதனை கூட ஏறக்குறைய சரியாகவே வரலாம். மனிதர் நலமாக இருப்பதாகவே நினைப்பார். முழு அடைப்பு சில வாரங்கள் நீடித்தால், அந்தச் சிறுநீரகம் இழந்த சக்தி முழுவதும் திரும்பாது. மாதங்கள் கழித்து வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கும்போதுதான் உண்மை தெரியவரும். அப்போது வருந்தி என்ன பயன்?

மறைந்ததைக் காட்டும் மருந்து

1895-ஆம் ஆண்டு நவம்பர் 8-ந் தேதி ஜெர்மனியில் ராண்ட்ஜன் என்ற விஞ்ஞானி எக்ஸ்ரே கதிரைக் கண்டுபிடித்தார். சதையை ஊடுருவி எலும்பைக் காட்டும் கதிர் அது. 1901-ல் பௌதிகத்துக்கான முதல் நோபல் பரிசு அவருக்கே கிடைத்தது.

எலும்பு தெரிந்தது. கல்லும் பெரும்பாலும் தெரிந்தது. ஏனென்றால் அநேகக் கற்களில் எலும்பில் உள்ள சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. ஆனால் சிறுநீர்க் குழாய் தெரியவில்லை. அதுவும் சதை, சுற்றி இருப்பதும் சதை. கண்ணாடித் தம்ளரில் கண்ணாடித் துண்டைத் தேடுவது போலத்தான்.

இதற்கு ஒரு யுக்தி வேண்டும். எந்த வாய்க்காலில் தண்ணீர் போகிறது, எங்கே நிற்கிறது என்று தெரிய வேண்டுமானால் மடையில் மஞ்சளைக் கரைத்து விடலாம். மஞ்சள் போகும் வழியெல்லாம் கண்ணுக்குத் தெரியும். அப்படி ஒரு "மஞ்சளை" ரத்தத்தில் கரைத்து விட முடியுமா?

முடியும் என்பது தற்செயலாகத்தான் தெரிந்தது. 1923-ல் அமெரிக்காவில் மேயோ மருத்துவமனையில், மேகநோய்க்கு அயோடின் மருந்து ஏற்றப்பட்டவர்களின் எக்ஸ்ரே படத்தில் சிறுநீர்ப்பை வெள்ளையாகத் தெரிந்ததை டாக்டர்கள் கவனித்தார்கள். அயோடின் எக்ஸ்ரே கதிரைத் தடுக்கும். அதனால்தான் வெண்மை. ஆனால் அந்த மருந்தால் படம் தெளிவாக விழவில்லை.

பின்பு ஜெர்மனியில் பின்ஸ், ராத் என்ற இரு ரசாயன நிபுணர்கள் கிருமிகளைக் கொல்வதற்காக அயோடின் கலந்த சில மருந்துகளைத் தயாரித்தார்கள். மாடுகளுக்கு வரும் கிருமி நோய்க்கும் அவை பயன்பட்டன. மோசஸ் ஸ்விக் என்ற இளம் அமெரிக்க டாக்டர் அப்போது ஜெர்மனியில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். இந்த மருந்து சிறுநீர் வழியாகத்தானே வெளியே போகிறது, அப்படியானால் வழியையே படம் பிடிக்கலாமே என்று அவர் யோசித்தார். 1929-ல் அது வெற்றி பெற்றது. பேராசிரியர் லிச்சன்பர்க்கும் ஸ்விக்கும் அதை உலகுக்கு அறிவித்தார்கள். மாட்டுக்கு உதவிய மருந்தின் வழியில் மனிதனின் சிறுநீரகம் கண்ணுக்குத் தெரிந்தது!

நம் நாடும் பின்தங்கி நிற்கவில்லை. 1934-ல் சென்னை பொது மருத்துவமனையில் பர்னார்டு கதிரியக்க நிலையம் திறக்கப்பட்டது. எக்ஸ்ரேக்கு என்றே தனி நிலையம் தமிழ்நாட்டில் அன்றே இருந்தது.

மேஜையில் என்ன நடக்கும்?

"ஊசி போட்டுப் படம்" என்று நம் ஊரில் சொல்வது இதைத்தான். ஆஸ்பத்திரியில் இதை ஐ.வி.பி. அல்லது ஐ.வி.யூ. என்பார்கள்.

முதல் நாள் இரவு இலேசான சாப்பாடு. வயிறு சுத்தமாக மலமிளக்கி மருந்து கொடுப்பார்கள். குடலில் காற்றும் மலமும் இருந்தால் அவை சிறுநீரகத்தை மறைக்கும். காலையில் வெறும் வயிற்றோடு வரச் சொல்வார்கள். தாயத்து, வெள்ளி அரைஞாண், சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வைக்க வேண்டும். உலோகம் படத்தில் விழுந்தால் கல் எது, தாயத்து எது என்று குழப்பம் வரும்.

முதலில் ஊசி போடாமல் ஒரு படம். பிறகு கை நரம்பில் அயோடின் மருந்தை ஏற்றுவார்கள். உடம்பெல்லாம் ஒரு சூடு பரவும். நாக்கில் இரும்பு நக்கியது போல ஒரு சுவை. சிலருக்குக் குமட்டும். ஓரிரு நிமிஷத்தில் அது போய்விடும்.

நல்ல சிறுநீரகம் உடனே மருந்தை வாங்கி வடிகட்டத் தொடங்கும். சில நிமிஷங்களில் சிறுநீரகம் வெள்ளையாகும். பிறகு குழாய் தெரியும். பிறகு பை நிறையும். நேரத்தைக் கணக்கிட்டு ஒவ்வொன்றாகப் படம் எடுப்பார்கள். கடைசியில் சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லி இன்னொரு படம். பையில் நீர் மிஞ்சுகிறதா என்று பார்க்க.

ஒரு பக்கம் வெள்ளையாகி மறுபக்கம் இருட்டாகவே இருந்தால்? அங்கேதான் விஷயம் இருக்கிறது. அந்தப் பக்கம் அடைப்பு, அல்லது அந்தச் சிறுநீரகம் வேலை செய்யவில்லை. அப்போது ஒரு மணி, இரண்டு மணி, இன்னும் அதிக நேரம் காத்திருந்தும் படம் எடுப்பார்கள். தாமதமாகவாவது வெண்மை வந்தால் நம்பிக்கை உண்டு. இருப்பது கல்லா என்று மட்டும் அல்ல, சிறுநீரகம் உயிரோடு உழைக்கிறதா என்றும் இந்தப் படம் சொல்கிறது. அதுதான் இதன் பெருமை.

பயம் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம்

"அந்த ஊசி ஆபத்தாமே?" என்று சிலர் கேட்பார்கள். பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகாது. சிலருக்கு அரிப்பும் தடிப்பும் வரும். மிகச் சிலருக்கு மூச்சுத் திணறி, ரத்த அழுத்தம் விழுந்து ஆபத்தாகலாம். இன்றைய மருந்துகளில் இந்தத் தொல்லை பழைய மருந்துகளைவிடக் குறைவு. ஆயினும் டாக்டரும் முதலுதவி மருந்தும் பக்கத்தில் இருக்கும் இடத்தில்தான் இதைச் செய்ய வேண்டும்.

நம் பங்குக்கு நாம் செய்ய வேண்டியது ஒன்று: எதையும் மறைக்காமல் சொல்வது. முன்பு இந்த ஊசி ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் சொல்லுங்கள். ஆஸ்துமா இருந்தால் சொல்லுங்கள். சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிட்டால் அதன் அட்டையையே கொண்டுபோய்க் காட்டுங்கள். சில மாத்திரைகளை நிறுத்தி வைக்கச் சொல்லக்கூடும். சிறுநீரகக் கோளாறு முன்பே இருந்தால் இந்த மருந்து அதை மேலும் கெடுக்கலாம். ஆகவே கிரியேட்டினின் என்ற ரத்தப் பரிசோதனையை முன்கூட்டியே செய்வார்கள். மாதவிலக்கு தள்ளிப்போயிருக்கும் பெண்கள் கூச்சப்படாமல் சொல்லிவிட வேண்டும். வயிற்றில் குழந்தை இருந்தால் எக்ஸ்ரே கதிரைக் கூடுமான வரை தவிர்க்க வேண்டும்.

இப்போது எந்தப் படம்?

காலம் மாறிவிட்டது. இன்று முதலில் எடுப்பது அல்ட்ராசவுண்டு ஸ்கேன்தான். ஊசி இல்லை, கதிர் இல்லை, கர்ப்பிணிக்கும் எடுக்கலாம். சிறுநீரகம் உப்பியிருக்கிறதா என்று அது காட்டிவிடும். ஆனால் குழாயின் நடுவில் சிக்கிய சிறு கல் அதற்குத் தப்பிவிடலாம்.

1990-களுக்குப் பிறகு சி.டி. ஸ்கேன் வந்து பழைய ஊசிப் படத்தின் இடத்தைப் பெரும்பாலும் பிடித்துக்கொண்டது. ஊசியே இல்லாமல் சில வினாடிகளில் ஏறக்குறைய எல்லாக் கல்லையும் அது காட்டிவிடும். சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாத யூரிக் அமிலக் கல்லும் தெரியும். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது, குழாயில் கட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால் அதிலும் அதே அயோடின் ஊசியைப் போடுகிறார்கள். எந்திரம் புதிது, ஸ்விக் கண்ட வழி பழையதே.

எது வேண்டும் என்று டாக்டர் முடிவு செய்யட்டும். "பெரிய ஸ்கேனாக எடுங்கள்" என்று நாமாகக் கேட்க வேண்டியதில்லை. அதில் கதிர் அதிகம், செலவும் அதிகம். அதே சமயம் "எந்தப் படமும் வேண்டாம்" என்று ஓடவும் வேண்டியதில்லை.

ஒரு காலத்தில் இதற்கெல்லாம் மதுரைக்குப் பஸ் ஏற வேண்டியிருந்தது. 2022 ஜனவரியில் விருதுநகரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டுவிட்டது. முதலில் பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எந்தப் படம் எங்கே எடுக்கலாம், முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் எது அடங்கும் என்று அங்கேயே கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை.

படத்தைப் பரணில் போடாதீர்கள்

படம் எடுத்த பிறகும் ஒரு தவறு செய்கிறோம். அதைப் பாயின் அடியிலோ பரணிலோ போட்டுவிட்டு மறந்துவிடுகிறோம். படம் மருந்தல்ல, எடுத்ததாலேயே நோய் போகாது. அதோடு டாக்டரிடம் திரும்பிப் போக வேண்டும். மூன்று கேள்வி கேட்க வேண்டும். கல் எங்கே இருக்கிறது? எவ்வளவு பெரியது? சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிறதா?

கொத்தமல்லி விதை அளவுள்ள கல், அதாவது 5 மில்லிமீட்டருக்கு உட்பட்டது, பெரும்பாலும் தானாகவே வெளியேறும். கொண்டைக்கடலை அளவுக்கு வளர்ந்துவிட்டால் தானாகப் போவது அரிது. அதற்கும் இன்று வயிற்றைக் கிழிக்க வேண்டியதில்லை. 1980-ல் ஜெர்மனியில் முதன்முதலாக வெளியிலிருந்தே அதிர்வலை அனுப்பிக் கல்லை நொறுக்கினார்கள். சிறுநீர் வழியாகவே மெல்லிய குழாயை அனுப்பி லேசர் கதிரால் பொடியாக்கும் முறையும் இருக்கிறது.

கல் விழுந்ததாகத் தோன்றினாலும், "போய்விட்டதா?" என்று இன்னொரு முறை பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். கல் வலியோடு குளிர்காய்ச்சல் வந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. அடைபட்ட சிறுநீரகத்தில் கிருமி புகுந்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. சிறுநீர் அடியோடு நின்றாலும், வலியே இல்லாமல் ரத்தம் கலந்து போனாலும் உடனே காட்ட வேண்டும்.

தண்ணீரும் மறைவிடமும்

கல் வராமல் காக்கும் மருந்து பானையில்தான் இருக்கிறது. வெயிலிலும் மில்லிலும் உழைப்பவர்கள் ஒரு நாளைக்கு மூன்று லிட்டராவது தண்ணீர் குடிக்க வேண்டும். இருதய நோயோ சிறுநீரக நோயோ உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுக் குடிக்க வேண்டும். சிறுநீர் வெளிறிய நிறத்தில் போனால் போதிய தண்ணீர் குடிக்கிறோம் என்று அர்த்தம். உப்பைக் குறையுங்கள். "சுண்ணாம்புச் சத்தால்தானே கல்" என்று பாலை நிறுத்த வேண்டாம். அளவாகப் பால் குடிப்பது கல்லைத் தடுக்கவே உதவுகிறது. வாழைத்தண்டும் நல்ல பதார்த்தம்தான், தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் படத்துக்குப் பதிலாக அதை நம்பாதீர்கள்.

இனி முதலாளிகளுக்கும் அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. தண்ணீர் குடி என்று உபதேசம் செய்வது சுலபம். குடித்தால் போவதற்கு இடம் வேண்டாமா? மறைவிடம் இல்லை என்பதற்காகவே காலை முதல் மாலை வரை தண்ணீர் குடிக்காமல், சிறுநீரையும் அடக்கிக்கொண்டிருக்கும் பெண்கள் நம்மிடையே உண்டு. வயலிலும், சந்தையிலும், தொழிற்கூடத்திலும், பள்ளிக்கூடத்திலும் அவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கிருமித் தொல்லையும் வரும், கல்லும் வரும்.

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே குடிதண்ணீரும் கழிப்பிடமும் கட்டாயம் என்று கூறியது. 250 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் கோடையில் குளிர்ந்த நீர் தர வேண்டும் என்றும் அது கூறியது. சட்டங்கள் மாறலாம், தாகம் மாறாது. வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு தண்ணீர்க் குழாய், தாழ்ப்பாள் உள்ள ஒரு சுத்தமான கழிப்பிடம், போய்வர ஐந்து நிமிஷ அனுமதி. இதற்கு ஆகும் செலவு ஒரு தொழிலாளியின் ஆபரேஷன் செலவைவிட அதிகமாகாது. இதை உடனே செய்து கொடுக்க வேண்டும்.

வீட்டாரே, கேளுங்கள்

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் காயம் கட்டும் பாண்டேஜ் துணி நெய்கிறார்கள். அது எத்தனையோ ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறது. ஊரார் காயத்துக்குக் கட்டுத்துணி தரும் நாம், நம் உடம்புக்குள் இருக்கும் காயத்தைப் பார்க்காமல் விடலாமா?

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பார்கள். உங்கள் வீட்டில் யாருக்காவது இடுப்பில் வலி வந்து அடங்கியிருந்தால், அவர் கேட்காவிட்டாலும் நீங்கள் கேளுங்கள். மனைவி கணவரைக் கேட்கட்டும். மகன் தந்தையைக் கேட்கட்டும். பேத்தி பாட்டியைக் கேட்கட்டும்.

"வலி போனது, சரி. கல் போனதா? படம் எடுத்துப் பார்த்தாயிற்றா?"

இந்தக் கேள்விக்குக் காசு செலவில்லை. ஆனால் அது ஒரு சிறுநீரகத்தைக் காப்பாற்றும்.